வளர மறுக்கும் நுண்ணுயிர்கள்: மரபணுத்தொகை வேலையில் எது சிக்கினால் எங்கே பார்ப்பது

பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் கறுப்புச் சேற்றிலிருந்து நேரடியாக டி.என்.ஏ பிரித்து, அதை வரிசைப்படுத்தி, எந்தத் தட்டிலும் வளராத நுண்ணுயிர்களின் மரபணுத்தொகையைத் திரட்டும் வேலையில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் மாணவர்கள் வருடாவருடம் ஏறக்குறைய அதே இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னதை அறிகுறிவாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். செலவில்லாத சோதனை முதலில் வரும், காசு கரைவது கடைசியில் வரும்.

தொடங்கும் முன் ஒன்று. இந்த வேலையில் ஒரே அறிகுறி பிழையாகவும் இருக்கும், கண்டுபிடிப்பாகவும் இருக்கும். எதனோடும் பொருந்தாத மரபணுத்தொகை வெறும் குப்பையாக இருக்கலாம். இதுவரை யாரும் பார்த்திராத உயிராகவும் இருக்கலாம். அதனால் அவசரப்பட்டுத் தூக்கி எறியவும் வேண்டாம், அவசரப்பட்டுக் கொண்டாடவும் வேண்டாம். ஒவ்வொரு பிழையாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

## டி.என்.ஏ நிறைய இருப்பதாகக் கருவி காட்டுகிறது, ஆனால் பிசிஆர் வரவில்லை

குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நல்ல டி.என்.ஏ கரைசல் தண்ணீர் மாதிரி இருக்கும். லேசான டீத்தண்ணீர் நிறத்தில், பனங்கற்கண்டு கரைத்தது போல இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. அது ஹியூமிக் அமிலம். இலையும் வேரும் மக்கிய சேற்றில் இது ஏராளம். டி.என்.ஏவோடு ஒட்டிக்கொண்டே வந்து, டி.என்.ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வினையின் நொதியை முடக்கிவிடும்.

நிறம் தெரியாவிட்டாலும், ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப் கருவியின் எண்ணைப் பாருங்கள். 260/280 விகிதம் 1.8 அருகில் இருந்து, 260/230 மட்டும் 1-க்குக் கீழே கிடந்தால் ஹியூமிக் அமிலமோ பிரித்தெடுத்தபோது மிஞ்சிய உப்போ இருக்கிறது. நானோடிராப் ஹியூமிக் அமிலத்தையும் சேர்த்து டி.என்.ஏ என்று எண்ணிவிடும். அதே குழாயை, டி.என்.ஏவோடு ஒட்டும் சாயத்தை வைத்து அளக்கும் கியூபிட்டில் வைத்துப் பாருங்கள். நானோடிராப் 80 நானோகிராம் என்று சொன்ன இடத்தில் கியூபிட் 9 என்று சொன்ன குழாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கியூபிட்டை நம்புங்கள்.

அடுத்து, காசில்லாத சோதனை: நீர்க்கச் செய்வது. 10 மடங்கு, 50 மடங்கு, 100 மடங்கு. மூலக் கரைசலில் வராத பட்டை 50 மடங்கில் பளிச்சென்று வந்தால் தடைப்பொருள்தான் காரணம், உறுதி.

அப்படியும் வரவில்லையா? ஈ.கோலை டி.என்.ஏ மட்டும் போட்ட ஒரு குழாய், அதே ஈ.கோலையோடு உங்கள் சேற்று டி.என்.ஏ ஒரு மைக்ரோலிட்டர் சேர்த்த இன்னொரு குழாய், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால் தடைப்பொருள் இன்னும் போகவில்லை. இரண்டுமே வராவிட்டால் சேற்றின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் பிரைமரோ (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குட்டி டி.என்.ஏ துண்டு) நொதியோ கெட்டிருக்கிறது.

தடைப்பொருள்தான் என்றால், பிசிஆர் கலவையில் பி.எஸ்.ஏ புரதம் மைக்ரோலிட்டருக்கு 400 நானோகிராம் வரை சேர்த்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஹியூமிக் நீக்கும் கிட்டில் ஒருமுறை கழுவுங்கள். கழுவலில் கொஞ்சம் டி.என்.ஏ போகும், போகட்டும். நிறம் தெரிகிற டி.என்.ஏவை வரிசைப்படுத்த அனுப்பாதீர்கள். அங்கே லைப்ரரி (வரிசைப்படுத்தத் தயார் செய்த டி.என்.ஏ துண்டுகள்) தயாராகாமல் போனாலும் கட்டணம் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

## டி.என்.ஏ கிடைக்கவே இல்லை

சேறு எடுத்த விதத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். நாங்கள் வற்றம் பார்த்துப் போய், ஒரு பிவிசி குழாயைச் சேற்றில் இறக்கி, மேல்வாயைக் கையால் அடைத்து இழுக்கிறோம். அழுகிய முட்டை நாற்றத்தோடு மையைப் போன்ற சேறு வரும். சுரபுன்னை வேர்களுக்கு இடையில் குனியும்போது தில்லை மரம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கொஞ்ச காலத்துக்குப் பார்வையே போய்விடும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் என்னுடன் வரும் யாரையும் படகில் ஏற்றுவதில்லை.

அந்தச் சேறு ஐஸ் பெட்டியில் எத்தனை மணி நேரம் இருந்தது? ஆய்வகத்தில் எத்தனை முறை உருகி மறுபடி உறைந்தது? இரண்டு முறைக்கு மேல் உருகியிருந்தால் மிச்சத்தை வைத்துப் போராடாமல், முடிந்தால் புதிதாக எடுங்கள். எடுத்த அன்றே கால் கிராம் அளவில் பல குழாய்களாகப் பிரித்து -80 டிகிரியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

மாதிரி நன்றாக இருந்தும் டி.என்.ஏ வரவில்லை என்றால் களிமண்ணைச் சந்தேகியுங்கள். செல் உடைந்து வெளியே வரும் டி.என்.ஏவைக் களிமண் துகள் அப்படியே பிடித்துக்கொள்ளும். உடைக்கும் கரைசலில் பாஸ்பேட் பஃபரோ கொழுப்பு நீக்கிய பால்பொடியோ சேர்த்தால், களிமண் அதைப் பிடித்துக்கொண்டு டி.என்.ஏவை விட்டுவிடும். அதற்கும் பிறகு கண்ணாடி மணிகளோடு குலுக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். தடித்த செல்சுவர் உள்ளவை லேசான குலுக்கலுக்கு உடையாது. ஆனால் நீண்ட ரீடுகள் (கருவி ஒரே மூச்சில் படிக்கும் வரிசைத் துண்டுகள்) எடுக்கும் எண்ணம் இருந்தால் இங்கே அளவு வேண்டும். ஓங்கிக் குலுக்கினால் டி.என்.ஏ துண்டுதுண்டாகிவிடும்.

கடைசி வழி, பல குழாய்களின் டி.என்.ஏவைச் சேர்ப்பது. ஃபை29 நொதி வைத்துப் பெருக்குவது அதற்கும் கடைசி. ஒரே ஒரு செல்லிலிருந்து மரபணுத்தொகை எடுப்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் நம்புகிறார்கள். சேற்று டி.என்.ஏவில் அதைப் பயன்படுத்தினால் எந்த உயிர் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு குலைந்துவிடும், ஒட்டுப்போட்ட போலித் துண்டுகளும் உருவாகும்.

## வெற்றுக் குழாயிலும் பட்டை வருகிறது, எல்லா மாதிரியிலும் ஒரே நுண்ணுயிர் தெரிகிறது

சேறே போடாமல் கிட்டை மட்டும் ஓட்டிய வெற்றுக் குழாய் உங்களிடம் இருக்கிறதா? இல்லை என்றால் இந்த அறிகுறியை ஆராய வழியே இல்லை. இன்றைக்கே ஒன்று தயார் செய்யுங்கள்.

கிட்டிலும் தண்ணீரிலும் நுண்ணுயிர் டி.என்.ஏ கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ராள்ஸ்டோனியா, பிராடிரைசோபியம், மெத்திலோபாக்டீரியம், ஸ்பிங்கோமோனாஸ் ஆகிய பெயர்கள் பட்டியலின் உச்சியில் நின்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். 2014-இல் சால்டரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் கிட்டிலிருந்து வருபவை என்று பட்டியலிட்ட பேரினங்களில் இவையும் உண்டு. சேற்றில் டி.என்.ஏ அதிகம் என்பதால் பாதிப்பு குறைவு. ஆழ்நிலத்தடி நீர், பாறைத்துளை மாதிரி போன்றவற்றில் மொத்தத் தரவையும் இதுவே விழுங்கிவிடும்.

சோதனை எளிது. ஒரு நுண்ணுயிரின் பங்கு, டி.என்.ஏ குறைவான மாதிரிகளில் அதிகமாகவும், டி.என்.ஏ மிகுந்த மாதிரிகளில் குறைவாகவும் இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது. டீகான்டம் என்ற ஆர் நிரல் இதைத்தான் கணக்கிடுகிறது. வெற்றுக் குழாயையும் மற்ற மாதிரிகளோடு சேர்த்து வரிசைப்படுத்துங்கள். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை விட்டுவிட்டு, பிறகு கட்டுரை மதிப்பீட்டில் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிட்டில் இல்லாத ஒன்று, பக்கத்து மாதிரியில் மிகுந்த ஒன்று, உங்கள் மாதிரியில் துளியாகத் தெரிகிறதா? அது வரிசைப்படுத்தும் கருவியின் ஓடுகளத்தில் (மாதிரிகள் ஓடும் தகட்டில்), எது எந்த மாதிரி என்று காட்டும் அடையாளத் துண்டுகள் இடம் மாறியதால் இருக்கலாம். இரு பக்கமும் தனித்தனி அடையாளத் துண்டு போட்டுத் தரும்படி வரிசைப்படுத்தும் இடத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

## ஃபாஸ்ட்கியூசி அறிக்கை சிவப்பாக வருகிறது

ரீடுகளின் தரத்தைப் பார்க்கும் நிரல் இது. பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. பல உயிர்களின் கலவையில் ஜிசி வரைபடம் (ஜி, சி எழுத்துகளின் பங்கு) இரண்டு மூன்று மேடாகத்தான் வரும். அந்த எச்சரிக்கை ஒற்றை உயிரின் மரபணுத்தொகையை மனதில் வைத்து எழுதப்பட்டது. ரீடின் முதல் பத்துப் பதினைந்து எழுத்துகளில் தெரியும் ஆட்டம் லைப்ரரி செய்யும் நொதியின் வேலை.

உண்மையில் பார்க்க வேண்டியது இரண்டு. ரீடின் வாலில் நீளமாக ஜிஜிஜி என்று ஓடினால், இரு நிறக் கருவிகளில் ஒளி வராத இடத்தை ஜி என்று படித்திருக்கிறது. ஃபாஸ்ட்பி நிரல் அதை வெட்டிவிடும். அடுத்தது ஃபைஎக்ஸ். கருவியைச் சரிபார்க்கச் சேர்க்கும் இந்த வைரஸ் டி.என்.ஏ நீக்கப்படாமல் போய், பொதுத் தரவுத்தளங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர் மரபணுத்தொகைகளுக்குள் கிடந்ததை 2015-இல் கண்டுபிடித்தார்கள். மனித டி.என்.ஏ ரீடுகளையும் இதே கட்டத்தில் நீக்கிவிடுங்கள்.

## நானோபோரில் துளைகள் சீக்கிரம் சாகின்றன

நானோபோர் கருவி டி.என்.ஏ இழையை நுண்துளை வழியே செலுத்திப் படிக்கும். ஏற்றுவதற்கு முன் அந்தத் துளைகளை எண்ணிப் பார்த்தீர்களா? மினயன் என்ற நானோபோர் கருவியின் ஓடுகளத்துக்கு 800 துளை உத்தரவாதம். அதற்குக் குறைவாக இருந்தால் மாதிரியை ஏற்றாமல் மாற்றிக் கேளுங்கள். ஏற்றிய பிறகு கேட்டால் எடுபடாது. இரண்டாவது, காற்றுக் குமிழி. பிப்பெட் முனையில் வந்த ஒற்றைக் குமிழி உணர்பரப்பின் மேல் ஓடினால் அந்த வழியில் உள்ள துளைகள் போய்விடும். மூன்றாவது, முன்பு சொன்ன அதே டீ நிறம். மூன்றும் இல்லை என்றால் கழுவும் கிட் போட்டுக் கழுவி, மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

துளைகள் நலமாக இருந்தும் ரீடுகள் குட்டையாக வந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். ஏற்றுவதற்கு முன் ஜெல்லில் ஓட்டிய படத்தை எடுத்துப் பாருங்கள், டி.என்.ஏ அங்கேயே நொறுங்கியிருக்கும்.

## அசெம்ப்ளி சல்லடையாக வருகிறது

ரீடுகளைக் கோர்ப்பது அசெம்ப்ளி, கோர்த்து வரும் நீண்ட துண்டுகள் கான்டிக்குகள். அதிகம் கேட்கப்படுவது இதுதான். கோடிக்கணக்கான ரீடுகள் கொடுத்தும் கான்டிக்குகள் ஆயிரம் எழுத்தைத் தாண்டவில்லை. ரீடுகளைத் திரும்பக் கான்டிக்குகளில் பொருத்தினால் கால்வாசிகூட ஒட்டவில்லை.

முதலில் கையாலேயே ஒரு கணக்குப் போடுங்கள். நீங்கள் தேடும் நுண்ணுயிரின் மரபணுத்தொகை 40 லட்சம் எழுத்து என்று வைத்துக்கொள்வோம். மொத்த டி.என்.ஏவில் அதன் பங்கு 0.1 சதவீதம். 10 ஜிகாபேஸ், அதாவது 1,000 கோடி எழுத்து வரிசைப்படுத்தினால் அதற்குக் கிடைப்பது ஒரு கோடி எழுத்து. அதை 40 லட்சத்தால் வகுத்தால் 2.5 மடங்கு. இதைத்தான் கவரேஜ் என்கிறோம். உருப்படியாகக் கோர்க்க 10 மடங்காவது வேண்டும். ஆக, 40 ஜிகாபேஸ் இல்லாமல் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அசெம்ப்ளி நிரலின் அமைப்புகளை வாரக்கணக்கில் மாற்றி மாற்றி ஓட்டுவதை விட, இந்த ஐந்து நிமிடக் கணக்கை முதலில் போடுங்கள்.

உயிர்களின் பங்கு எவ்வளவு என்றே தெரியாதவர்கள் நான்பரேல் நிரலை ரீடுகளின் மேல் ஓட்டலாம். ஒரே ரீடு எத்தனை தடவை திரும்ப வருகிறது என்பதை வைத்து, மாதிரியின் பல்வகைமையில் எத்தனை பங்கைப் பிடித்திருக்கிறோம் என்று சொல்லும். சேற்றில் இந்த எண் ஏமாற்றமாகத்தான் வரும். 2004-இல் கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் அமிலச் சுரங்கத்தில், ஜில் பேன்ஃபீல்டின் குழு வளர்க்காமலேயே கிட்டத்தட்ட முழு மரபணுத்தொகைகளை முதன்முதலாகத் திரட்டியதற்கு ஒரு பெரிய காரணம், அங்கே ஒரு கை விரலில் எண்ணக்கூடிய இனங்களே மிகுந்திருந்தன. நம் சேறு அப்படி இல்லை.

ஆழம் போதும் என்று கணக்குச் சொல்கிறது, ஆனாலும் உடைகிறது. அப்போது கேள்வி இது: மிக அதிகமாக இருக்கும் உயிர்தான் மிக மோசமாக உடைகிறதா? ஆம் என்றால், ஒரே இனத்தின் நெருங்கிய பல ரகங்கள் கலந்திருக்கின்றன. நிரல் ஒவ்வொரு வேறுபாட்டிலும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அறுத்துவிடுகிறது. இந்த நிலையில் பல மாதிரிகளை ஒன்றாகக் கொட்டி அசெம்ப்ளி செய்வது நோயைக் கூட்டும், ஏனென்றால் இன்னும் நிறைய ரகங்கள் உள்ளே வரும். மாதிரிக்கு ஒன்றாகத் தனித்தனியே ஓட்டுங்கள். மாறாக, எல்லாமே அரிதாக இருந்து ஆழம்தான் குறை என்றால் ஒன்றாகச் சேர்ப்பது உதவும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தவறான பக்கம் போகிறார்கள்.

இதற்கும் பிறகுதான் காசு: அதிக ஆழம், அல்லது நீண்ட ரீடுகள். ரகக் கலப்புதான் சிக்கல் என்றால் ஆழத்தைக் கூட்டிப் பயனில்லை, நேரே நீண்ட ரீடுகளுக்குப் போங்கள். எது வாங்குவது என்ற முடிவுக்கு முன் ஒரு உயிர்த்தகவலியல் ஆளிடம் நான்பரேல் வரைபடத்தையும் பொருந்திய ரீடு சதவீதத்தையும் காட்டுங்கள். அரை மணி நேரப் பேச்சு ஒரு முழு ஓட்டத்தின் செலவை மிச்சப்படுத்தும்.

## அசெம்ப்ளி பாதியில் நின்றுவிட்டது

நினைவகம். கிட்டத்தட்ட எப்போதும் நினைவகம்தான். மெட்டாஸ்பேட்ஸ் என்ற அசெம்ப்ளி நிரலின் இயல்பான வரம்பு 250 ஜிபி. உங்கள் கணினியில் அதைவிட அதிகம் இருந்தால் வரம்பை நீங்களே உயர்த்திக் கொடுக்க வேண்டும். இல்லை என்றால் மெகாஹிட்டுக்கு மாறுங்கள், மிகக் குறைந்த நினைவகத்தில் ஓடும். சிக்கலான மண், சேற்று மாதிரிக்கென்று அதில் மெட்டா-லார்ஜ் என்ற தயார் அமைப்பே உண்டு. இரண்டிலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருக்கிறது, முதலிலிருந்து ஓட்டாதீர்கள். வட்டு நிரம்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

## ஒரே தொகுப்பில் இரண்டு உயிர்கள்

கான்டிக்குகளை உயிர்வாரியாகப் பிரிக்கும் பின்னிங் முடிந்தது. தொகுப்பின் தரத்தை அளக்கும் செக்எம்2 நிரலை ஓட்டினால் நிறைவு 95, கலப்படம் 30 சதவீதம் என்று வருகிறது.

எத்தனை மாதிரிகளின் கவரேஜ் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். ஒரு மாதிரியின் கவரேஜ் மட்டும் என்றால், கவரேஜ் ஒத்துப்போகும் இரண்டு உயிர்களைப் பிரிக்க நிரல் திணறும். அதே இடத்தின் வேறு ஆழம், வேறு மாதம் என்று ஐந்தாறு மாதிரிகளின் ரீடுகளை அதே அசெம்ப்ளியில் பொருத்திக் கொடுங்கள். சேர்ந்தே கூடி, சேர்ந்தே குறைபவை மட்டும் ஒரு தொகுப்பில் நிற்கும். அவை ஏற்கெனவே வரிசைப்படுத்தியவை என்றால் புதிதாகச் செலவு எதுவும் இல்லை.

அடுத்து, குட்டிக் கான்டிக்குகளை வெட்டுங்கள். மெட்டாபேட்2 இயல்பாகவே 2,500 எழுத்துக்குக் குறைந்ததைத் தொடாது. அதை 1,500-க்கு இறக்கினால் தொகுப்பு பெருக்கும், கூடவே அழுக்கும் சேரும். பிறகு இரண்டு மூன்று பின்னிங் நிரல்களை ஓட்டி, டாஸ் டூல் மூலம் நல்லதைத் தேர்ந்தெடுங்கள்.

செக்எம்2 சுத்தம் என்று சொன்ன தொகுப்பையும் குங்க் நிரலில் ஒருமுறை போடுங்கள். இரு வேறு உயிர்களின் பாதிப்பாதி ஒட்டியிருந்தால், அடையாள மரபணுக்கள் (ஒவ்வொரு உயிரிலும் ஒரே பிரதியாக எதிர்பார்க்கப்படுபவை) இரட்டிக்காததால் செக்எம் ஏமாந்துவிடும். அப்படி ஒரு தொகுப்பை, படமாக விரித்துக் காட்டும் அன்வியோ நிரலில் திறந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. ஒரு பக்கம் ஜிசி 38, இன்னொரு பக்கம் ஜிசி 61, நடுவில் ஒரு கோடு கிழித்தது போல வெட்டு. எண்களில் ஒளிந்திருந்தது கண்ணில் உடனே பட்டது. முக்கியமான தொகுப்புகளையாவது கையால் திறந்து பாருங்கள்.

## நிறைவு 65 சதவீதத்தைத் தாண்ட மறுக்கிறது

இதை நிதானமாகப் படியுங்கள். நல்ல பொருளை இழப்பது இந்த இடத்தில்தான்.

கான்டிக்குகள் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன, கவரேஜும் 5 மடங்குதான் என்றால் அது உண்மையிலேயே அரைகுறை. ஆழம் பற்றி மேலே சொன்னதற்குப் போங்கள்.

ஆனால் மொத்தமே பத்துப் பன்னிரண்டு கான்டிக், அல்லது ஒரே கான்டிக், நீளம் 10 லட்சம் எழுத்துக்குள், கவரேஜ் தாராளம். அப்படி இருந்தும் பழைய செக்எம் 65 என்கிறதா? கான்டிக்கின் இரண்டு முனைகளும் ஒன்றோடு ஒன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தினால் அது வட்டம். வட்டம் மூடியிருந்தால் மரபணுத்தொகை முழுமை, தவறு அளவுகோலில்.

பேட்டெஸ்கிபாக்டீரியா என்று அழைக்கப்படும் பாக்டீரியாப் பெருங்கூட்டம் இப்படித்தான். கொலராடோவின் ரைஃபில் நிலத்தடி நீரிலிருந்து 2015-இல் பேன்ஃபீல்ட் குழு இவற்றின் மரபணுத்தொகைகளை நூற்றுக்கணக்கில் எடுத்தது. பாக்டீரியாக்களின் பல்வகைமையில் 15 சதவீதத்துக்கு மேல் இவையே என்றார்கள். எல்லாப் பாக்டீரியாவிலும் இருக்கும் என்று நாம் நம்பிய பல மரபணுக்கள் இவற்றில் இயல்பாகவே கிடையாது. இல்லாததை எண்ணிக் கழித்துவிட்டு, அரைகுறை என்று நிரல் சொல்கிறது. இவற்றுக்கென்றே உள்ள 43 அடையாள மரபணுப் பட்டியலை வைத்தோ செக்எம்2-வை வைத்தோ மறுபடி அளந்து பாருங்கள்.

ஒரு மாணவி 64 சதவீதம் வந்த தொகுப்பை நீக்கும் பட்டியலில் போட்டிருந்தார். வட்டமா என்று பார்க்கச் சொன்னேன், வட்டம்தான். 43 மரபணுக்களில் 42 இருந்தன. நிறைவு 90, கலப்படம் 5 என்ற வரம்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு வடிகட்டியாகப் போடும் நிரலை எழுதாதீர்கள். அந்த வரம்புகள் தரத்தைக் குறிக்க வந்தவை. எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்வது அவற்றின் வேலை இல்லை.

## நல்ல தொகுப்பு, ஆனால் 16எஸ் மரபணு இல்லை

சகஜம். ரைபோசோம் ஆர்.என்.ஏவுக்கான இந்த மரபணு எல்லாப் பாக்டீரியாவிலும் ஆர்க்கியாவிலும் (பாக்டீரியா போன்ற, ஆனால் தனிக் கிளையான நுண்ணுயிர்கள்) ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் அசெம்ப்ளியில் குழம்பும். ஒரே உயிரில் பல பிரதிகள் இருந்தால் கவரேஜும் மற்றவற்றோடு ஒத்துப்போகாது, பின்னிங் நிரல் அதைத் தள்ளிவிடும். தொகுப்பில் சேராமல் கிடக்கும் கான்டிக்குகளில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நீண்ட ரீடுகள்தான் தீர்வு. 2017-இல் வந்த மிமேக் தரவரையறைப்படி உயர்தரம் என்று எழுத 16எஸ், 23எஸ், 5எஸ் மூன்றும் குறைந்தது 18 டிஆர்என்ஏக்களும் வேண்டும். இல்லாவிட்டால் நடுத்தரம் என்று நேர்மையாக எழுதுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

## மரபணுக்கள் எல்லாம் குட்டையாக வருகின்றன

பாக்டீரியா மரபணுத்தொகையில் 85 முதல் 90 சதவீதம் வரை மரபணுக்களே நிறைந்திருக்கும். அது 60, 65 என்று வந்து, மரபணுக்கள் நடுவில் அறுந்தறுந்து நின்றால் முதல் சந்தேகம் தரம் குறைந்த நீண்ட ரீடுகள். எழுத்து விடுபட்டு வாசிப்பு நகர்ந்திருக்கும். மெருகேற்றும் நிரலை ஓட்டினால் சரியாகும்.

சரியாகவில்லை என்றால், அறுபடும் இடமெல்லாம் டிஜிஏவா என்று பாருங்கள். கிராசிலிபாக்டீரியா போன்றவற்றில் டிஜிஏ என்ற மூன்றெழுத்து மரபணுவின் நிறுத்தக்குறி கிடையாது, கிளைசின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். மரபணு தேடும் நிரலுக்கு 25-ஆம் குறியீட்டு அட்டவணையைக் கொடுங்கள். அறுந்தவை அப்படியே நீண்டு சேர்ந்துகொள்வதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கும்.

## 16எஸ் ஆய்வு ஒன்று சொல்கிறது, முழு வரிசைப்படுத்தல் வேறு சொல்கிறது

பிரைமரின் முழுப் பெயரைக் கேளுங்கள். 515எஃப், 806ஆர் இணையின் பழைய வடிவம் கடலின் எஸ்ஏஆர்11 கூட்டத்தையும் தௌமார்க்கியோட்டா ஆர்க்கியாக்களையும் சரியாகப் பிடிக்காது, பிறகுதான் திருத்தினார்கள். குளிர்பெட்டியில் பழைய குப்பி இன்னும் இருக்கலாம். அடுத்து, இலைத்துணுக்கு கலந்த சேறு என்றால் பசுங்கணிகமும் மைட்டோகாண்டிரியாவும் 16எஸ் பட்டியலில் புகுந்திருக்கும், கழியுங்கள். இரண்டும் சரி என்றால் முழு வரிசைப்படுத்தலை நம்புங்கள். பேட்டெஸ்கிபாக்டீரியாக்கள் பலவற்றின் 16எஸ் மரபணுவுக்குள்ளேயே இடைச்செருகல்கள் உண்டு, பொதுப் பிரைமரில் அவை தப்பிவிடும்.

## வகைப்பாட்டு நிரல் பெயர் சொல்லவில்லை

புதுசு என்று கத்தத் தோன்றும். பொறுங்கள்.

தரவுத்தளம் எந்தப் பதிப்பு? இரண்டு வருடப் பழைய ஜிடிடிபியில் பெயரில்லாதது இன்றைய பதிப்பில் பெயரோடு இருக்கலாம். செலவே இல்லாத இந்தச் சோதனையில் பாதிப் புதுசுகள் பழசாகிவிடுகின்றன.

பதிப்பு புதிதுதான் என்றால், அது பாக்டீரியாவோ ஆர்க்கியாவோதானா? பாசி, புழு, பூஞ்சை ஆகியவற்றின் கான்டிக்குகளும் தொகுப்பாகச் சேரும். டியாரா நிரல் அவற்றைப் பிரித்துக் காட்டும். வைரஸும் பிளாஸ்மிட்டும்கூட இப்படி நிற்கும். அவற்றில் ரைபோசோம் புரத மரபணுக்கள் பெரும்பாலும் தென்படாது.

பிறகு வகைப்பாட்டு நிரலான ஜிடிடிபி-டிகே வெளியீட்டின் எச்சரிக்கைப் பத்தியைப் படியுங்கள். பலர் அதைத் திறப்பதே இல்லை. அடையாள மரபணுக்கள் போதாமல் மரத்தில் ஏற்றாமலே விட்டுவிட்டேன் என்று அங்கே எழுதியிருக்கும். அது புதுமை இல்லை, பற்றாக்குறை.

இத்தனையும் தாண்டிய பிறகு, அருகிலுள்ள மரபணுத்தொகையோடு ஒற்றுமை 95 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது இனம். பேரினம், குடும்பம் என்று மேலே போகப் போகக் கையில் இருக்கும் சான்றும் கூட வேண்டும். ஒரே தொகுப்பை வைத்துப் புதுக் குடும்பம் என்று எழுதாதீர்கள். வேறு மாதிரியில் அதே உயிர் தனியாகத் திரண்டு வருகிறதா என்று பாருங்கள். வந்தால், பரிணாம மரம் கட்டத் தெரிந்த ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022-இல் தொடங்கிய சீக்கோட் விதிப்படி, வளர்ப்பு இல்லாமலேயே மரபணுத்தொகையை மூலச்சான்றாக வைத்துப் பெயர் சூட்டலாம். பெயர் நிலைத்து நிற்கும் விஷயம் என்பதால் விதி தெரிந்தவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் வெளிநாட்டு ஆய்வகத்துக்குச் சேற்றையோ டி.என்.ஏவையோ அனுப்பும் யோசனை வரும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இதற்குப் பொருந்தும். தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. பார்சல் கட்டும் முன் அங்கே கேளுங்கள். வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகலும் கையில் இருக்கட்டும்.

## மரபணுத்தொகை சொன்ன உணவைக் கொடுத்தும் வளரவில்லை

மரபணுத்தொகையைப் படித்து, இது இன்ன அமினோ அமிலத்தை உண்ணும் என்று ஊடகம் தயாரித்தீர்கள். ஒரு மாதமாகியும் ஒன்றும் இல்லை.

ஆக்சிஜன் புகுந்ததா என்று நிறம்காட்டியைப் பாருங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் குப்பி வீண். அடுத்து, கலங்கவில்லை என்பதால் வளரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்த உயிருக்கென்றே பிரைமர் செய்து, அளவறி பிசிஆரில் மாதாமாதம் எண்ணுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல ஏறிக்கொண்டிருக்கலாம்.

எண்ணிக்கை அசையாவிட்டால் துணையைத் தேடுங்கள். எந்த அமினோ அமிலத்தை, எந்த விட்டமினைத் தானே செய்யும் மரபணு அதற்கு இல்லை? பக்கத்தில் யார் அதைச் செய்கிறார்கள்? பேட்டெஸ்கிபாக்டீரியாவில் ஒரு பிரிவான டிஎம்7 கூட்டத்தின் முதல் வளர்ப்பு 2015-இல் மனித வாயிலிருந்து கிடைத்தபோது, அது ஆக்டினோமைசிஸ் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டுதான் வளர்ந்தது. தனியாகப் பிரிக்க முயன்றிருந்தால் கிடைத்தே இருக்காது.

அப்புறம் காலம். ஜப்பானில் ஹிரோயுகி இமாச்சியின் குழு 2006-இல் கடலில் 2,533 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த சேற்றை 2,000 நாட்களுக்கு மேல் மீத்தேன் ஊட்டிய உலையில் வைத்திருந்து, அதன் பிறகே குப்பிக்கு மாற்றியது. அதிலிருந்து வந்த ஆஸ்கார்டு ஆர்க்கியா இரட்டிக்க 14 முதல் 25 நாள் எடுத்தது. மீத்தேன் உண்டாக்கும் இன்னொரு ஆர்க்கியாவின் துணையும் வேண்டியிருந்தது. முழு விவரமும் அச்சில் வந்தது 2020-இல்.

அதனால் முப்பதாம் நாள் குப்பியைக் கொட்டாதீர்கள். ஆறு மாதம் எண்ணியும் பிசிஆரில் ஒரு படிகூட ஏறவில்லை என்றால், காற்றில்லா வளர்ப்பில் கைதேர்ந்த ஆய்வகம் ஒன்றை அணுகுங்கள். போகும்போது மரபணுத்தொகையோடு -80 டிகிரியில் வைத்த மூலச் சேற்றில் ஒரு குழாயும், எடுத்த இடத்தின் உப்பளவு, வெப்பநிலை, ஆழம் குறித்த களக் குறிப்பு நோட்டும் எடுத்துப் போங்கள். அவர்கள் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.